அழிக்காமலே எழுப்பிவிட்டேன்: ஃப்ரீபிஎஸ்டியும் /ரெஸ்க்யூவும்

வணக்கம். அலமாரியில் இருக்கும் என் ஃப்ரீபிஎஸ்டி (யூனிக்ஸ் வகை இயங்குதளம்) சர்வரை உங்களுக்குத் தெரியும். அதன் மின்விசிறிச் சத்தத்தைப் பற்றி நான் புலம்பாத வீடியோ இல்லை. வெள்ளிக்கிழமை இரவு மின்சாரம் போய்ப் போய் வந்ததில் அது படுத்துவிட்டது. யுபிஎஸ் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 2,800 ரூபாய் கொடுத்துப் புது பேட்டரியும் போட்டேன். அது ஒரு நிமிடம்கூடத் தாங்கவில்லை. கேட்டால், "உத்தரவாதம் யுபிஎஸ்ஸுக்குத்தான், பேட்டரிக்கு இல்லை" என்கிறார் கடைக்காரர். பேட்டரி இல்லாத யுபிஎஸ் வெறும் பெட்டி. பெட்டிக்கு எதற்கு உத்தரவாதம்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். திரையில், எந்த ஷெல் (நாம் தட்டும் கட்டளைகளை ஓட்டும் நிரல்) வேண்டும், முழுப் பாதையைக் கொடு, வழக்கமான ஷெல் போதுமென்றால் என்டர் தட்டு என்று கேட்டது. தட்டினேன். அதே கேள்வி. மறுபடி தட்டினேன். மறுபடியும் அதே கேள்வி. ஷெல் கோப்பு அதன் இடத்தில்தான் இருந்தது. காணாமல் போனது எல்டி-எல்ஃப். நிரல்களை அவற்றுக்கு வேண்டிய நூலகங்களோடு (பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் கோப்புகள்) இணைத்துவிடும் கோப்பு. அது இல்லாவிட்டால் எல்எஸ், சிபி, மவுண்ட் போன்ற அன்றாடக் கட்டளைகள் எதுவும் ஓடாது. கணினி எழும்போது முதலில் ஓடும் இனிட் மட்டும் நூலகங்களைத் தனக்குள்ளேயே வைத்துக் கட்டப்பட்டது. அதனால்தான் கேள்வி கேட்கவாவது ஆள் இருந்தது.

இந்த இடத்தில் உடனே, "அழித்துவிட்டுப் புதிதாக நிறுவு" என்று சொல்பவர்களை எனக்குப் பிடிக்காது. அந்தக் கேள்விக்கு /ரெஸ்க்யூ/எஸ்ஹெச் என்று பதில் கொடுத்தேன். ஷெல் வந்துவிட்டது! இனிட்டைப் போலவே வெளி நூலகம் எதையும் நம்பாத கருவிகள் அந்த அடைவில் இருக்கின்றன. உண்மையில் எல்லாம் ஒரே நிரல்தான், பெயர்கள்தான் வேறு வேறு. ஃப்ரீபிஎஸ்டியின் உறவுக்கார இயங்குதளமான நெட்பிஎஸ்டியிடமிருந்து எடுத்த யோசனை, ஃப்ரீபிஎஸ்டியில் 5.2 பதிப்பில் வந்தது. அதைச் செய்தவர்களுக்குக் கோயில் கட்டலாம்.

முதலில் எஃப்எஸ்செக், வட்டைச் சோதித்துச் சரிசெய்யும் கருவி. "ஜர்னலைப் (வட்டில் எழுதும் வேலைகளின் குறிப்பேடு) பயன்படுத்தட்டுமா?" என்று அது கேட்கும், வேண்டாம் என்று சொல்லுங்கள். பாதியில் நின்ற எழுத்து வேலைதான் ஜர்னலுக்குத் தெரியும், வட்டில் வேறு எது கெட்டாலும் தெரியாது. பிறகு நிறுவல் யுஎஸ்பியை மவுண்ட் செய்து, அதிலிருக்கும் பேஸ் தொகுப்பிலிருந்து (அடிப்படைக் கோப்புகளின் மூட்டை) லிப், லிப்எக்ஸெக் இரண்டு அடைவுகளை மட்டும் டார் கொண்டு பிரித்தேன். முழுத் தொகுப்பையும் பிரித்தால் உங்கள் கடவுச்சொல் கோப்பின் மேலேயே ஏறி உட்கார்ந்துவிடும், ஜாக்கிரதை.

எல்டி-எல்ஃப் வந்தது. நிரல்களுக்கு அடிப்படை நூலகமான லிப்சி வரவில்லை. "அனுமதி இல்லை" என்றது. ரூட்டாக, அதாவது எல்லா அதிகாரமும் உள்ள பயனராக, உட்கார்ந்திருக்கும் எனக்கே அனுமதி இல்லையாம்! எஸ்சிஹெச்ஜி என்று ஒரு கொடி (கோப்பின் மேல் இடும் பூட்டு அடையாளம்) உண்டு. அது ஏறிய கோப்பை ரூட்டாலும் அழிக்க முடியாது. நல்ல காவல்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கோப்பு தானாகக் கெட்டுப்போனதை அது தடுக்கவில்லை, நான் சரிசெய்வதை மட்டும் தடுக்கிறது. என்ன காவலோ! சிஹெச்ஃபிளாக்ஸ் கொண்டு அந்தக் கொடியை இறக்கிவிட்டு மறுபடி டார் ஓட்டினேன். எல்எஸ் ஓடியது. நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு விளக்கு எரிந்தது.

ஒன்று விட்டுப்போயிற்று: அந்த நிறுவல் யுஎஸ்பியில் இருப்பது உங்கள் சர்வரின் அதே பதிப்பாக இருக்க வேண்டும். அப்படியே இருந்தாலும் பாதுகாப்புத் திருத்தங்கள் அதில் இருக்காது. ரீபூட் ஆனதும் ஃப்ரீபிஎஸ்டி-அப்டேட் ஓட்டி அவற்றை இறக்கிக்கொள்ளுங்கள். அதே கட்டளையோடு ஐடிஎஸ் என்று சேர்த்தால் கணினிக் கோப்புகளின் ஹாஷ் மதிப்புகளை (கோப்பின் கைரேகை மாதிரி) அசல் மதிப்புகளோடு ஒப்பிட்டு, மாறியவற்றைக் காட்டும். அமைப்புக் கோப்புகள் இருக்கும் ஈடிசி அடைவில் நாமே மாற்றியவையும் பட்டியலில் வரும், பயப்படாதீர்கள்.

தனியாக நிறுவிய மென்பொருள்களை அது பார்க்காது. அவற்றைச் சோதிக்க பிகேஜி செக் என்ற கட்டளை. அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. இதுவரை பெர்ல் என்ற நிரல்மொழியின் தொகுப்பில் ஒரு கோப்பு மட்டும் மாட்டியிருக்கிறது; அந்தத் தொகுப்பை மறுபடி நிறுவிவிட்டு வருகிறேன்.