அண்ணனுக்காக ஜெபிக்கும்போது நான் என்ன கேக்குறேன்?

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இன்னைக்குக் கொஞ்சம் கனமான விஷயம். ரொம்ப நாளா பேசணும்னு நினைச்சு, தள்ளிப் போட்டுக்கிட்டே வந்தேன். இரட்சிப்புல நம்ம சித்தம் எங்க இருக்கு, தேவனோட கிருபை எங்க இருக்கு? நான் அவரைத் தேர்ந்தெடுத்தேனா, அவர் என்னைத் தேர்ந்தெடுத்தாரா?

எனக்கு இந்தக் கேள்வி எங்க அண்ணன் வழியாதான் வந்துச்சு. அண்ணன் ஆண்டவரை ஏத்துக்கல. ரொம்ப நல்ல மனுஷன், என் மேல உசிரா இருப்பாரு. ஆனா இந்தப் பேச்சை எடுத்தா மட்டும் "விடும்மா"ன்னு முடிச்சிருவாரு. பதினோரு வருஷமா அவருக்காக ஜெபம் பண்றேன். "ஆண்டவரே, எங்க அண்ணன் மனசை மாத்துங்க." தினமும் இதேதான்.

ஒரு நாள் முழங்கால்ல இருக்கும்போதே அந்த வார்த்தை தொண்டையில நின்னுருச்சு. மனசு அண்ணனோடது. விசுவாசிக்கிறது, விசுவாசிக்காம இருக்கிறது முழுக்க முழுக்க அவர் கையில இருந்தா, நான் ஏன் ஆண்டவர்கிட்ட போய் நிக்கிறேன்? அண்ணன்கிட்டல்ல கெஞ்சணும்? சரி, எல்லாம் ஆண்டவர் கையிலதான்னா, ஞாயித்துக்கிழமை தவறாம அவருக்குப் போன் பண்ணிப் பேசுறேனே, அது எதுக்கு?

அப்புறம்தான் தெரிஞ்சுது, இதே இடத்தை ஆதிச் சபையோட பெரிய போதகர்கள்ல ஒருத்தரான அகஸ்டின் தொட்டிருக்காரு. விசுவாசத்தோட ஆரம்பம் மனுஷன்கிட்டயிருந்து வருது, அது கிருபையோட ஈவு இல்லைன்னு நினைச்ச வித்தாலிஸ்னு ஒருத்தருக்கு அவர் ஒரு கடிதம் எழுதுறாரு. அப்படின்னா அவிசுவாசிகளுக்காகச் சபை ஜெபம் பண்றதையே நிறுத்தச் சொல்லுங்கன்னு கேக்குறாரு. நீங்க பண்ற ஜெபமே உங்க கொள்கைக்கு விரோதமா இருக்கேங்கிறாரு. படிச்சப்போ என்கிட்ட நேரா பேசுன மாதிரி இருந்துச்சு.

அகஸ்டின் இதை ஏட்டுல இருந்து எடுத்துச் சொல்லல. 386ல மிலான் நகரத்துல ஒரு தோட்டத்துல உக்காந்து அழுத மனுஷன் அவரு. மாறணும்னு ஆசை இருக்கு, மாற முடியல. அந்தப் போராட்டத்தைத் தன்னோட சுயசரிதையில எட்டாவது பாகத்துல எழுதியிருக்காரு. மனசு கையைப் பாத்து அசைன்னு சொன்னா கை உடனே அசையுது. சொன்னது எப்போ, அசைஞ்சது எப்போன்னு பிரிச்சுப் பாக்கக்கூட முடியல. அதே மனசு, மனசையே பாத்து "விரும்பு"ன்னு சொன்னா, கேக்க மாட்டேங்குது. இந்த விபரீதம் எங்கிருந்து வந்துச்சுன்னு கேக்குறாரு. நீங்களே இப்போ உங்க கையை ஒரு தடவை தூக்கிப் பாருங்க. தூக்கிட்டீங்கல்ல? இப்போ, மன்னிக்கவே முடியாத ஒரு ஆளை நினைச்சுக்கிட்டு, "அவரை மன்னிக்க விரும்பு"ன்னு உங்க மனசுக்குச் சொல்லுங்க.

பாத்தீங்களா. சித்தம் இல்லாம போயிடல. இருக்கு, ஆனா ரெண்டா பிளந்து கிடக்கு.

அகஸ்டின் காலத்துல, மனுஷன் தன் சித்தத்தாலயே தேவனோட கட்டளைகளைக் கைக்கொள்ள முடியும்னு போதிச்ச பெலேஜியஸை எல்லாரும் வில்லன் மாதிரி பேசுவாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்ல. ரோமாபுரியில கிறிஸ்தவங்கன்னு சொல்லிக்கிட்டு ஏனோதானோன்னு வாழ்ந்தவங்களைப் பாத்து மனசு நொந்துபோன மனுஷன் அவரு. "நீர் கட்டளையிடுகிறதைத் தந்தருளும், பிறகு உமக்குச் சித்தமானதைக் கட்டளையிடும்"னு அகஸ்டின் எழுதின ஜெபத்தை யாரோ அவர் முன்னாடி சொன்னப்போ, அவரால தாங்க முடியல. இப்படிச் சொன்னா எவன் பொறுப்பா வாழுவான்னு பயம். பயம் நியாயம்தான். ஆனா அதுக்கு அவர் சொன்ன பதில்ல, தேவன் நல்ல சட்டமும் நல்ல முன்மாதிரியும் குடுத்துட்டு ஒதுங்கி நிக்கிறவராயிடுறாரு. மிலான் தோட்டத்துல அழுதவனுக்கு அது போதாது. எங்க அண்ணனுக்கும் போதாது, எனக்கும் போதாது. 418ல கார்த்தேஜ் நகரத்துல கூடின சபைத் தலைவர்களோட சங்கம் அந்தப் போதனையைத் தள்ளுச்சு. 529ல ஆரஞ்சுங்கிற ஊர்ல கூடின சங்கம், விசுவாசிக்கணும்ங்கிற முதல் ஆசையே கிருபைன்னு சொல்லுச்சு. அதே சங்கம், தேவன் சிலரைத் தீமைக்குன்னே முன்குறிச்சாரு, அதாவது முன்னாடியே தீர்மானிச்சாருன்னு சொல்றதையும் அருவருப்போட மறுத்துச்சு. இந்த ரெண்டாவது பாதியை நிறைய பேர் சொல்லாம விட்டுடுறாங்க.

இப்போ எனக்கு ரொம்பப் பிடிச்ச இடத்துக்கு வரேன். யோவான் 6:44. "என்னை அனுப்பின பிதா ஒருவனை இழுத்துக்கொள்ளாவிட்டால் அவன் என்னிடத்தில் வரமாட்டான்." இழுக்கிறதுன்னா என்ன? கிரேக்கத்துல இருக்கிற அந்த வினைச்சொல் சாதுவான சொல் கிடையாது. யோவான் 21ல பேதுரு நூற்றைம்பத்துமூன்று மீன் இருந்த வலையைக் கரைக்கு இழுத்தான்னு வருதே, அங்கயும் அதே சொல்தான். அப்போ நம்மளையும் மீனை இழுக்கிற மாதிரி, பிடரியைப் பிடிச்சா இழுக்குறாரு?

இந்த வசனத்துக்கு அகஸ்டின் பிரசங்கம் பண்ணும்போது ஒண்ணு சொல்றாரு. ஆட்டுக்கிட்ட ஒரு பச்சைக் கிளையைக் காட்டு, அது இழுக்கப்படும். குழந்தைகிட்ட கொட்டைப்பருப்பைக் காட்டு, அது ஓடி வரும். கயிறு கட்டல, அடிக்கல. ஆனா இழுபட்டுச்சா இல்லையா? இழுபட்டுச்சு. தானா வந்துச்சா? அதுவும் ஆமா. பாதி கிளை இழுத்துச்சு, பாதி ஆடு நடந்துச்சுன்னு கணக்கு போட முடியுமா? எனக்கு இதுல நெஞ்சு அப்படியே இளகிப் போச்சு. கிருபை என் சித்தத்தைத் தள்ளிவிட்டுட்டு அந்த இடத்துல வந்து உக்காருதுன்னுதான் அதுவரைக்கும் நினைச்சுக்கிட்டிருந்தேன்.

இந்த வாக்குவாதம் திரும்பத் திரும்ப வந்துச்சு. 1524ல எராஸ்மஸ்ங்கிற கிறிஸ்தவ அறிஞர் சுயசித்தத்துக்காக ஒரு புத்தகம் எழுதுறாரு. அதுல இன்னும் நடக்கத் தெரியாத ஒரு குழந்தை வருது. அப்பா தூக்கி நிறுத்துறாரு, தூரத்துல ஆப்பிளைக் காட்டுறாரு, கையைப் பிடிச்சு நடத்திக் கூட்டிட்டுப் போறாரு. ஆப்பிள் கைக்கு வந்ததும் குழந்தை "நானே எடுத்தேன்"னு பெருமை பேச முடியுமா? அதே சமயம் அது ஒண்ணுமே செய்யலன்னும் சொல்ல முடியாது. 1525ல சபைச் சீர்திருத்தத் தலைவர் லூத்தர் பதில் எழுதுறாரு, ரொம்பக் கோபமா. விழுந்தவனுக்கு நடக்கத் தெம்பு இல்லாதது மட்டும் பிரச்சனை இல்ல, அவனோட சித்தமே அடிமைப்பட்டுக் கிடக்குங்கிறாரு. அவ்வளவு கோபத்துலயும் கடைசியில எராஸ்மஸுக்கு நன்றி சொல்றாரு. மத்தவங்க எல்லாம் போப்பு, செத்தவங்க சுத்திகரிக்கப்படுற உத்தரிக்கிற ஸ்தலம்னு பேசுனாங்க, நீர் ஒருத்தர்தான் விஷயத்தோட குரல்வளையைப் பிடிச்சீர்னு.

கிருபையைக் கடைசிவரைக்கும் எதிர்த்து நிக்க முடியாதுங்கிற கால்வினிஸ்ட், முடியும்ங்கிற ஆர்மீனியன், இந்த ரெண்டு தரப்புச் சண்டைக்குள்ள நான் ரொம்பப் போகல. ஒண்ணே ஒண்ணு சொல்லிடுறேன். 1610ல ஆர்மீனியன் தரப்பு எழுதின ஐந்து பிரிவுகள்ல மூணாவதைப் படிங்க. மனுஷன் தன் சுயசித்தத்தால இரட்சிப்பைப் பெற முடியாதுன்னு அவங்களே எழுதியிருக்காங்க. 1618-19ல அவங்களை எதிர்த்துக் கூடின டோர்ட் சங்கம், கிருபை மனுஷனை மரக்கட்டையா, கல்லா நடத்துறது இல்லன்னு எழுதியிருக்கு. கிருபையை ஒருத்தன் கடைசிவரைக்கும் எதிர்த்து நிக்க முடியுமாங்கிறதுல ரெண்டு பேரும் பிரியுறாங்க, அது சின்ன வித்தியாசமும் இல்ல. கோழி தன் குஞ்சுகளைச் சிறகுக்குள்ள சேர்க்கிற மாதிரி உங்களைச் சேர்க்க நினைச்சேன், "உங்களுக்கோ மனதில்லாமற்போயிற்று"ன்னு எருசலேமைப் பாத்து ஆண்டவர் சொன்னதை வாசிக்கும்போதெல்லாம், முடியும்னுதான் எனக்குத் தோணுது. கோழி சிறகை விரிச்சிருக்கு, குஞ்சு வரல. அந்த வசனத்தை என்னால லேசா கடந்துபோக முடியல.

போன வாரம் ஒரு தம்பி எனக்கு எழுதியிருந்தார். "அக்கா, நான் தேவனால தேர்ந்தெடுக்கப்படாதவனா இருந்தா என்ன பண்றது? ராத்திரி தூக்கம் வரமாட்டேங்குது." தம்பி, முன்குறித்தலை நினைச்சு நினைச்சு உங்களுக்குள்ளயே எட்டிப் பாக்காதீங்க. பவுல் பிலிப்பியருக்கு எழுதினதைப் பாருங்க. "உங்கள் இரட்சிப்பு நிறைவேறப் பிரயாசப்படுங்கள்"னு சொல்லிட்டு, அடுத்த வார்த்தை "ஏனெனில்". "ஏனெனில் தேவனே தம்முடைய தயவுள்ள சித்தத்தின்படி விருப்பத்தையும் செய்கையையும் உங்களில் உண்டாக்குகிறவராயிருக்கிறார்." பவுல் "ஆனாலும்"னு எழுதல தம்பி. அவர் உள்ள வேலை செய்றாரு, அதனால நீங்க எழுந்து நடங்கன்னு சொல்றாரு. அவர் வேணும்னு ராத்திரி முழுக்கத் தவிக்கிறீங்களே, அந்தத் தவிப்பை உங்களுக்குள்ள யாரு வச்சதுன்னு நினைக்கிறீங்க?

ஒருத்தரோட இருதயம் இப்போ திறக்குது, இன்னொருத்தரோடது பதினோரு வருஷமாகியும் திறக்கலையே, ஏன்? இதுக்கு என்கிட்ட பதில் இல்ல. பிலிப்பி பட்டணத்துல பவுல் பேசினதை ஆத்தங்கரையில நிறைய பெண்கள் கேட்டாங்க. "கர்த்தர் அவள் இருதயத்தைத் திறந்தருளினார்"னு அவங்கள்ல லீதியாள்ங்கிற ஒருத்தியைப் பத்தி மட்டும்தான் எழுதியிருக்கு. ஆனா பவுல் அங்க போய் உக்காந்து பேசினாரு. பேசினதுக்குள்ளதான் அது திறந்துச்சு.

காலையில ஜெபம் பண்ணிட்டேன், அதே வார்த்தைதான். இன்னைக்கு ஞாயித்துக்கிழமை, இந்நேரம் அண்ணன் வேலையெல்லாம் முடிச்சிட்டு உக்காந்திருப்பாரு. போன வாரம் போனை வைக்கிறதுக்கு முன்னாடி, "எனக்காக இன்னும் ஜெபம் பண்றியா?"ன்னு கேட்டாரு. ஆமாண்ணான்னேன். சரின்னாரு. "விடும்மா"ன்னு சொல்லல. கேமராவை அணைச்சிட்டு அவருக்குப் போன் பண்ணப் போறேன்.