பச்சை இல்லாத செடிக்குள் நடக்கும் வேலை

நேயர்களுக்கு வணக்கம். குமரி மாவட்டத்தில் வேலியோரமாக நடக்கும்போது, செடிகளின் மேல் மஞ்சள் நூலாகப் பின்னிக் கிடக்கும் அம்மையார் கூந்தலைப் பார்த்திருப்பீர்கள். இலை என்று சொல்ல ஒன்றுமில்லை. மண்ணில் வேரும் இல்லை. பச்சையம் இல்லாத செடி காற்றிலுள்ள கரியமில வாயுவைத் தொடாது என்றுதான் நாம் பள்ளியில் படித்திருக்கிறோம். அதில் பாதிதான் சரி.

அந்தத் தண்டை பிளேடால் குறுக்கே மெல்லிசாகச் சீவி, நுண்ணோக்கியில் வைத்துப் பாருங்கள். நீரும் சர்க்கரையும் ஓடுகிற குழாய்களை ஒட்டியுள்ள செல்களில் மட்டும் லேசாகப் பச்சை தெரியும். கார்பனைப் பிடிக்கும் ரூபிஸ்கோ என்ற நொதி இருப்பதும் அங்கேதான். தண்டு சுவாசிக்கும்போது உள்ளே உண்டாகிற கரியமில வாயுவை வெளியே விடாமல் திரும்பப் பிடிப்பதே அதன் முக்கிய வேலை. வயிறு நிறைவது என்னவோ அடுத்த செடியில் உறிஞ்சிய சர்க்கரையால்தான்.

முழுக்கப் பச்சை இழந்தால் என்ன ஆகும்? நாற்றங்காலில் எப்போதாவது ஒரு வெள்ளை நெல் நாற்று முளைக்கும். விதையில் இருக்கும் மாவு தீர்ந்ததும் வாடிவிடும். ரூபிஸ்கோவில் 8 பெரிய துண்டுகள், 8 சிறிய துண்டுகள். பெரியதற்கான மரபணு, செல்லுக்குள் ஒளிச்சேர்க்கை நடக்கும் சிறு உறுப்பான பசுங்கணிகத்துக்குள் இருக்கிறது, சிறியதற்கானது செல்லின் உட்கருவில். பார்லியில் ஒரு வகை வெள்ளைச் செடியில், பசுங்கணிகம் புரதம் செய்யும் திறனையே இழந்துவிடுகிறது. பெரிய துண்டு கிடைக்காததால் ரூபிஸ்கோவும் உருவாவதில்லை.

ஆனால் கார்பனைப் பிடிக்க இன்னொரு நொதி இருக்கிறது, பெப் கார்பாக்சிலேஸ். 1953-இல் பாண்டர்ஸ்கி, கிரைனர் இருவரும் ஸ்பினாச் கீரையில் கண்டுபிடித்தது. இதற்குப் பச்சையமும் வேண்டாம், வெயிலும் வேண்டாம். மண்ணுக்குள் இருக்கிற வேரிலும் முளைக்கும் விதையிலும்கூட வேலை செய்யும். மூன்று கார்பன் உள்ள ஒரு பொருளோடு இன்னொரு கார்பனைச் சேர்த்து நான்காக்கும். செல்லின் சுவாச வேலையிலிருந்து அமினோ அமிலம் செய்ய எடுத்துப்போன சரக்கை ஈடுகட்டத்தான் இந்த ஏற்பாடு. ஒன்றை மறந்துவிடக் கூடாது, அந்த மூன்று கார்பனும் ஏற்கெனவே சர்க்கரையிலிருந்து வந்தவை. அதனால் கார்பனைப் பிடித்தது என்னவோ உண்மைதான், ஆனால் அதில் புதுச் சாப்பாடு கிடைக்காது. இந்த வித்தியாசத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பது என் ஆசை.

அமெரிக்காவில் பீச் (beech) மரத்தின் வேரில் ஒட்டி வாழும், பச்சை இல்லாத எபிஃபேகஸ் என்ற செடியின் கணிக (பசுங்கணிகத்தின் பச்சை இல்லாத வடிவம்) மரபுத்தொகுதியை 1992-இல் முழுவதுமாகப் படித்தார்கள். சுமார் 70,000 டி.என்.ஏ. எழுத்துகள், புகையிலையில் இருப்பதில் பாதிகூட இல்லை. ஒளிச்சேர்க்கைக்கான மரபணுக்கள் எல்லாம் வேலை இழந்திருந்தன. ஆனாலும் கணிகம் போகவில்லை, ஏனென்றால் கொழுப்பு அமிலம் செய்ய அது வேண்டும்.

சரி, உங்கள் வேலியில் அம்மையார் கூந்தல் இருந்தால் பிய்த்துப் பக்கத்தில் எறியாதீர்கள். அறுந்த துண்டும் வேறு செடியைத் தொட்டால் ஒட்டிக்கொள்ளும். பற்றியிருக்கும் கிளையோடு சேர்த்து வெட்டி, பூப்பதற்கு முன்பே எரித்துவிடுங்கள். விதை விழுந்தால் மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். நன்றி, வணக்கம்.