மார்த்தாளின் கட்சி

நடுவர் அவர்களே, இரு அணிப் பேச்சாளர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

'அன்றாட ஓட்டத்தில் கிறிஸ்தவ நம்பிக்கை கரைகிறதா, நிலைக்கிறதா?' நிலைக்கிறது என்று பேச வந்தவன் நான். ராஜ்யபாரத்தைத் தலையில் சுமந்துகொண்டே தினம் மூன்று வேளை முழங்காலிட்ட தானியேல், கூடாரம் செய்து பிழைத்துக்கொண்டே ஊழியம் செய்த பவுல் என்று ஆட்கள் என்னிடம் நிறைய உண்டு. அவர்களெல்லாம் இப்போது சற்றுக் காத்திருக்கட்டும். எதிரணித் தோழர் ஒரு வார்த்தை விட்டார், நீங்களும் கைதட்டினீர்கள். முதலில் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

தங்கள் வீட்டுக்கு வந்த இயேசுவுக்குப் பணிவிடை செய்து அலைந்தவள் மார்த்தாள்; அவர் காலடியில் உட்கார்ந்து வசனம் கேட்டவள் அவள் சகோதரி மரியாள். இந்த இருவரையும் வைத்து என்ன சொன்னார்? "இந்த அணி முழுக்க மார்த்தாள்கள். கரண்டியும் கையுமாக நின்றவளை ஆண்டவரே கண்டித்துவிட்டார். காலடியில் உட்கார்ந்த மரியாளைத்தான் மெச்சினார். அப்புறம் என்ன விவாதம்?"

ஐயா, லூக்கா 10-ஆம் அதிகாரத்தோடு வேதாகமத்தை மூடி வைத்துவிட்டீர்கள். கண்டித்தார், ஒத்துக்கொள்கிறேன். எதைக் கண்டித்தார்? "நீ அநேக காரியங்களைக்குறித்துக் கவலைப்பட்டுக் கலங்குகிறாய்" என்றார். வேலையை அங்கேயே போட்டுவிடு என்று ஒரு சொல் சொன்னாரா? சரி, யோவான் 11-க்கு வாருங்கள்.

இந்தச் சகோதரிகளின் சகோதரன் லாசரு செத்து நாலு நாள். வீடு நிறைய துக்கம் விசாரிக்க வந்த ஜனம். சாவு வீட்டில் எத்தனை வேலை கிடக்கும், தாய்மார்களுக்குத் தெரியும். அந்த நேரத்தில் இயேசு வருகிறார் என்று செய்தி வருகிறது. யார் எழுந்து ஓடியது? மார்த்தாள். மரியாள் எங்கே? "வீட்டிலே உட்கார்ந்திருந்தாள்" என்று யோவான் எழுதியிருக்கிறார். மரியாளைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. விலையேறப்பெற்ற தைலத்தை ஆண்டவர் பாதத்தில் ஊற்றிய தங்கம் அவள். ஆனால் அன்றைக்கு ஊருக்கு வெளியே ஓடிப்போய் அவர் எதிரே நின்றவள் இந்த வேலைக்காரிதான்.

நின்று என்ன சொன்னாள்? "நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் செத்திருக்க மாட்டான்" என்று நேருக்கு நேர் கேட்டுவிட்டாள். கேட்ட வாயால், இப்போதும் நீர் கேட்பதைத் தேவன் தருவார் என்றும் சொன்னாள். "நானே உயிர்த்தெழுதலும் ஜீவனுமாயிருக்கிறேன்." கல்லறைத் தோட்டத்துக்குத் தோட்டம் நாம் வாசிக்கிற வசனம். அதை ஆண்டவர் முதலில் யாரிடம் சொன்னார்? மலைமேல் கூடிய கூட்டத்திடமா? ஜெப ஆலயத்திலா? நடுவர் அவர்களே, இன்னொரு தரம் சொல்கிறேன்: சாவு வீட்டு வேலையைப் பாதியில் விட்டுவிட்டு, மூச்சு வாங்க நடுவழியில் நின்ற மார்த்தாளிடம் சொன்னார்! இதை விசுவாசிக்கிறாயா என்றும் அவளைத்தான் கேட்டார். அவள் சொன்ன பதில், "ஆம் ஆண்டவரே, நீர் தேவகுமாரனாகிய கிறிஸ்து." பேதுரு இதைச் சொன்னதற்கு எத்தனை பிரசங்கம் கேட்டிருக்கிறோம்! மார்த்தாள் சொன்னதற்குக் கேட்டிருக்கிறோமா?

கதை முடியவில்லை. 12-ஆம் அதிகாரம், பஸ்கா பண்டிகைக்கு ஆறு நாள் முன்பு. இயேசு உயிரோடு எழுப்பிய லாசரு பந்தியில் உட்கார்ந்திருக்கிறான். சகோதரி என்ன செய்கிறாள்? "மார்த்தாள் பணிவிடை செய்தாள்." அதே கை, அதே வேலை. இந்தத் தடவை அவளிடமிருந்து புகாரும் இல்லை, ஆண்டவரிடமிருந்து கண்டிப்பும் இல்லை.

ஜெபிக்க நேரமில்லை என்றும் சொன்னார்கள். நெகேமியா ராஜாவுக்குப் பானம் கொடுக்கிறவன். "உனக்கு என்ன வேண்டும்?" என்று ராஜா கேட்டதற்கும் அவன் பதில் சொன்னதற்கும் நடுவில் ஜெபித்துவிட்டான். கண்ணை மூடவும் நேரம் இருந்திருக்காது.

மணி அடித்துவிட்டீர்கள். ஒரு நிமிஷம் கொடுங்கள், ஐயா. என் அம்மாவைப் பற்றிச் சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறேன்.

அப்பா பக்கவாதத்தில் விழுந்தார். படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அவரைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். அம்மா அத்தனை வேலையையும் பார்த்துக்கொண்டு இதையும் பார்த்தாள். உட்கார்ந்து வேதம் வாசிக்க அவளுக்கு நேரம் ஏது? ஒரு தரம் புரட்டும்போது 121-ஆம் சங்கீதத்தில் ஒரு வசனம், அடுத்த தரம் புரட்டும்போது அடுத்த வசனம். எட்டு வசனம் முடிவதற்குள் பொழுது போய்விடும். தானாக எழுந்து நிற்க முடியாத மனிதரின் காதருகே குனிந்து, "உன் காலைத் தள்ளாடவொட்டார், உன்னைக் காக்கிறவர் உறங்கார்" என்பாள். அவள் குரலில் ஒருநாளும் சந்தேகம் இருந்ததில்லை.

உடம்பு நன்றாக இருந்த காலத்தில், ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்கு முதலில் தயாராகி நிற்பவர் அப்பா. "நீங்க முன்னாடி போங்க, நான் வேலையை முடிச்சிட்டு வந்துடறேன்" என்று உள்ளேயிருந்து அம்மா குரல் கொடுப்பாள். பெட்டியைக் குழிக்குள் இறக்கிய அன்றைக்கு எல்லோரும் அழுதோம். அவளும் அழுதாள். அழுதுகொண்டே, பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்கும்படி சொன்னாள்: "நீங்க முன்னாடி போங்க. வேலையை முடிச்சிட்டு வந்துடறேன்."

எதிரணித் தோழரே, இத்தனை வருஷ ஓட்டத்தில் அவளிடம் எது கரைந்தது என்று நீங்களே சொல்லுங்கள். நடுவர் அவர்களே, எல்லா வேலையையும் முடித்துவிட்டு, கை ஈரம் காயாமல் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிற அத்தனை மார்த்தாள்களுக்காகவும் கேட்கிறேன், தீர்ப்பை எங்கள் பக்கம் தாருங்கள். நன்றி, வணக்கம்.