அடிக்குறிப்பில் கிடந்த மனிதர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு பழைய நூலுக்கு இருபது கையெழுத்துப் பிரதிகள் கிடைத்திருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். இருபதும் ஒன்றுபோல இருக்காது. ஒன்றில் ஒரு வரி கூடியிருக்கும், இன்னொன்றில் ஒரு பெயர் மாறியிருக்கும். பதிப்பாசிரியர் வழக்கமாக என்ன செய்வார்? நல்லதென்று பட்ட பாடத்தை மேலே வைத்துவிட்டு, மற்றதையெல்லாம் பாடபேதம் என்று அடிக்குறிப்பில் தள்ளிவிடுவார். அப்படித் தள்ளியதைக் கையில் எடுத்து, "இதை மாற்றி எழுதியவன் யார்? ஏன் மாற்றினான்?" என்று கேட்டவர் ருஷ்ய அறிஞர் திமித்ரி லிகச்சோவ். அவருக்கு முன்பே ஷாக்மதவ் என்ற பெரிய அறிஞர் இந்த வழியில் நடந்திருந்தார். அதை ஒரு முழுத் துறையாக வளர்த்தவர் லிகச்சோவ்தான்.

1906-ல் பீட்டர்ஸ்பர்க் நகரில் பிறந்தார். தந்தை மின்பொறியாளர். புரட்சிக்குப் பிறகு ஒரு பெரிய அரசு அச்சகத்தின் மின்நிலையத்தைத் தந்தை கவனித்துக்கொண்டதால், குடும்பமும் அங்கேயே குடியிருந்தது. அச்சக வாசனையில் வளர்ந்த பிள்ளை, பெயர் மாறி லெனின்கிராட் ஆகிவிட்ட அதே நகரின் பல்கலைக்கழகத்தில் மொழியும் இலக்கியமும் படித்தார்.

படிக்கும் காலத்தில் நண்பர்கள் சிலர் சேர்ந்து விளையாட்டாக ஒரு வட்டம் வைத்திருந்தார்கள். 'பிரபஞ்ச அறிவியல் கழகம்' என்று அதற்குப் பெயர். 1918-ல் வந்த எழுத்துச் சீர்திருத்தம் ருஷ்ய நெடுங்கணக்கிலிருந்து சில எழுத்துகளை நீக்கியிருந்தது. பழைய எழுத்துமுறையே மேல் என்று லிகச்சோவ் அந்த வட்டத்தில் ஒரு உரை படித்தார். 1928 பிப்ரவரியில் அவரையும் நண்பர்களையும் கைது செய்தார்கள். ஐந்து ஆண்டுத் தண்டனை. வயது இருபத்தொன்று.

கொண்டுபோன இடம் சலோவ்கி. வெண்கடலில் உள்ள தீவுக்கூட்டம். பதினைந்தாம் நூற்றாண்டில் எழுந்த ஒரு மடாலயம் அங்கே இருக்கிறது. அதைத்தான் சிறைமுகாமாக்கியிருந்தார்கள். முகாமில் குற்றவியல் ஆய்வுக்கென்று ஒரு சிறு அலுவலகம் இருந்தது, அதில் அவருக்கு வேலை. அநாதையாகத் திரிந்து பிடிபட்ட சிறுவர்களைத் தேடிப் போய், ஒவ்வொருவனின் கதையையும் கேட்டு எழுதினார். அவர்களைச் சிறுவர் பிரிவுக்கு மாற்ற முயன்றார். திருடர்களின் பேச்சையும் சீட்டாட்டத்தையும் கவனித்துக் குறித்துக்கொண்டார். குற்றவாளிகளின் சீட்டாட்டத்தைப் பற்றிய கட்டுரைதான் அவருடைய முதல் ஆய்வுக் கட்டுரை. 1930-ல் முகாமிலேயே அச்சான பத்திரிகையில் வந்தது. யாரும் மதிக்காத மனிதனின் வாயிலிருந்து வரும் சொல்லும் படிக்கத் தக்கதுதான் என்ற எண்ணம் அவருக்கு அங்கேதான் உறுதிப்பட்டது என்று நான் நினைக்கிறேன்.

1929 அக்டோபரில் பெற்றோர் அவரைப் பார்க்க வந்திருந்தார்கள். காவலர் ஒருவரின் அறையை வாடகைக்கு எடுத்து அவர்களோடு தங்கியிருந்தார். ஒரு நாள் மாலை, "உன்னைத் தேடி வந்தார்கள்" என்று முகாமிலிருந்து ஒருவர் வந்து சொன்னார். சுட்டுக் கொல்ல ஆட்களைச் சேர்த்துக்கொண்டிருந்த இரவு அது. பெற்றோரிடம், அவசர வேலைக்குக் கூப்பிடுகிறார்கள், எனக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போய், விறகு அடுக்குக்குப் பின்னால் விடியும் வரை ஒளிந்திருந்தார். இரவெல்லாம் துப்பாக்கிச் சத்தம். அவருடைய இடத்தில் வேறு ஒருவரைக் கொண்டுபோனார்கள். இனி இரண்டு பேருக்காக வாழ வேண்டும் என்று அன்று தோன்றியதாகப் பின்னாளில் எழுதினார்.

1932-ல் விடுதலை. அப்புறம் கிடைத்தது மெய்ப்புத் திருத்தும் வேலை. 1934 முதல் சோவியத் அரசின் அறிவியல் கழகப் பதிப்பகத்தில். நானும் பல வருஷம் புரூஃப் பார்த்துச் சாப்பிட்டவன், அதனால் இந்த இடம் எனக்கு நெருக்கமானது. ஒரு பிழையை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தால், அது கை தவறி வந்ததா, கண் தவறி வந்ததா, வேண்டுமென்றே செய்ததா என்று பிடிபட ஆரம்பிக்கும். லிகச்சோவ் 1962-ல் வெளியிட்ட மூலபாட ஆய்வு நூலின் சாரம் இதுதான். ஏடு பெயர்த்தவன் இயந்திரம் அல்ல. அவனுக்கு ஒரு இளவரசன் மேல் பற்று இருந்திருக்கும், ஒரு நகரத்தின் மேல் கோபம் இருந்திருக்கும். மாற்றத்தைக் கண்டால் முதலில் அந்த மனிதனின் நோக்கத்தைத் தேடு, மறதி என்றும் கவனக்குறைவு என்றும் சொல்வதைக் கடைசிக்கு வைத்துக்கொள் என்றார்.

1938-ல் புஷ்கின் மனை எனப்படும் ருஷ்ய இலக்கிய ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்து, கடைசிவரை அங்கேயே இருந்தார். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் படை லெனின்கிராட்டை முற்றுகையிட்டபோது தச்சுப் பசையைக் காய்ச்சி உண்டது அவர் குடும்பம். 1942 மார்ச்சில் தந்தை இறந்தார். அந்தப் பட்டினியிலும், பழைய ருஷ்ய நகரங்கள் எப்படித் தம்மைக் காத்துக்கொண்டன என்று இன்னொரு ஆய்வாளரோடு சேர்ந்து ஒரு சிறுநூல் எழுதினார்.

அவர் அதிகம் போராடியது 'இகோரின் படையெடுப்பு' என்ற காவியத்துக்காக. 1185-ல் நடந்த ஒரு தோல்வியைப் பாடும் நூல். ஒரே ஒரு பிரதிதான் இருந்தது, அதுவும் 1812-ல் மாஸ்கோ எரிந்தபோது போய்விட்டது. சிமின் என்ற வரலாற்றாசிரியர் 1963-ல், இது பதினெட்டாம் நூற்றாண்டு ஆக்கம் என்று வாதிட்டார். லிகச்சோவ் பழமையின் பக்கம் நின்றார். பின்னால் சலிஸ்னியாக் என்ற மொழியியலாளர் செய்த ஆய்வும் அந்தப் பக்கத்தையே வலுப்படுத்தியது. ஆனாலும் சிமினின் நூலை வெளியே விடாமல், சில பிரதிகள் மட்டும் அடித்து மூடிய அறையில் விவாதித்தது சரியல்ல. வெளிச்சத்தில் நடந்திருக்க வேண்டிய வாதம் அது.

1975-ல், அரசை எதிர்த்துப் பேசிய இயற்பியல் அறிஞர் சாகரவைக் கண்டிக்கும் கடிதத்தில் கையெழுத்துப் போட மறுத்தார். அந்த ஆண்டே வீட்டு மாடிப்படியில் முகம் தெரியாத ஒருவன் அடித்ததில் விலா எலும்பு முறிந்தது. அடுத்த ஆண்டு வீட்டுக்குத் தீ வைக்கப் பார்த்தார்கள். 1986-ல் காலம் மாறி, சோவியத் பண்பாட்டு நிதியத்துக்கு அவரே தலைவரானார்.

1999-ல் மறைவதற்குச் சில ஆண்டுகள் முன்பு தன் நினைவுகளை நூலாக வெளியிட்டார். அதில் சலோவ்கியில் உடன் இருந்தவர்களுக்கென்று ஒரு பெரிய பகுதி. தத்துவவாதி, கவிஞர், பாதிரியார் என்று ஒவ்வொருவராக, நடை உடை பேச்சோடு எழுதியிருக்கிறார். அவர்களில் ஒருவர் கியோர்கி ஒசோர்கின், முன்னாள் படை அதிகாரி. 1929 அக்டோபரில் மனைவி பார்க்க வந்திருந்த நேரத்தில் அவருடைய மரணம் முடிவாகியிருந்தது. மனைவியிடம் எதுவும் சொல்லமாட்டேன் என்று அவர் வாக்குக் கொடுத்ததால் அவளைச் சந்திக்க விட்டார்கள். சிரித்த முகத்தோடு கூடவே நடந்து அவளைக் கப்பல் ஏற்றி அனுப்பினார். கப்பல் கிளம்பிப் போன பிறகுதான் அவரைச் சுட்டார்கள்.

நன்றி, வணக்கம்.