உழுகிற நாளில் ஊரில் இல்லாதவர்கள்

(பெங்களூர் அல்சூரில், சொந்த ஊரை விட்டு வந்து குடியேறியவர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)

அவைத் தலைவர் ஐயா அவர்களே, அரங்கை வாடகை இல்லாமல் திறந்துவிட்ட சங்கச் செயலாளர் அவர்களே, மகளிர் குழுவை அழைத்து வந்திருக்கும் ஆசிரியை அம்மா அவர்களே, மேடையில் இடம் போதாமல் கீழே முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற வட்டாட்சியர் ஐயா அவர்களே! நிலத்தின் அளவையும் எல்லையையும் காட்டும் புல வரைபடம் படிக்கத் தெரிந்தவர் இந்த அரங்கில் அவர் ஒருவர்தான் என்பதால் அவருக்கு என் தனி வணக்கம். பொன்னாடை போர்த்திய அன்பருக்கு நன்றி. அடுத்த முறை துண்டாகக் கொடுங்கள், உதவும்.

தருமபுரி, கிருஷ்ணகிரி, திருப்பத்தூர், திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர்களே இங்கே அதிகம். ஊருக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் ஒரே புலம்பல்: "ஊர்ல ஒண்ணுமே நடக்கலைங்க." நம் பெரியவர்கள் சொன்னதைத்தான் நானும் சொல்வேன். உழுகிற நாளில் ஊருக்குப் போனால், அதாவது வெளியூர் போய்விட்டால், அறுக்கிற நாளில் ஆள் தேவையில்லை. விதைக்காதவனுக்கு அறுப்பு எதற்கு?

ஐந்து செய்திகள் சொல்லப் போகிறேன். திட்டம் எப்போது போடுகிறார்கள், யார் உட்காரலாம், எப்படிக் கேட்பது, பணம் எங்கிருந்து வருகிறது, கணக்கை எப்படிப் பார்ப்பது.

முதல் செய்தி. கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டம் என்று ஆண்டுதோறும் ஒன்று தயாராகிறது. ஏப்ரலில் தொடங்கும் நிதியாண்டுக்கு உழவு நடப்பது அதற்கு முந்தைய அக்டோபரில். 2018 முதல் அக்டோபர் 2-ஐ ஒட்டித் தொடங்கிச் சில மாதங்கள் இதற்கென்றே மக்கள் திட்ட இயக்கம் என்று நடத்துகிறார்கள். நாம் பொங்கலுக்குப் போய்த் திண்ணையில் உட்கார்ந்து "ரோடு போடலையா?" என்று கேட்கிறோம். அதற்குள் நாற்றே நட்டு முடித்திருப்பார்கள். தமிழ்நாட்டில் கிராம சபை கூடும் நாட்கள் ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22-ஐ விட்டால் மீதி ஐந்தும் கர்நாடகத்திலும் விடுமுறை. நவம்பர் 1 இங்கே ராஜ்யோத்சவம். லீவு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. முந்தின ராத்திரி சாந்திநகரில் பஸ் ஏறினால் போதும்.

இரண்டாவது, யார் உட்காரலாம். ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்தான் கிராம சபை உறுப்பினர். உங்கள் ஓட்டு இங்கே இருந்தால் அங்கே உங்கள் கையெழுத்து செல்லாது. இரண்டு இடத்திலும் பெயர் வைத்திருப்பது சட்டப்படி தப்பு, அந்தக் குறுக்குவழி வேண்டாம். ஆனால் அம்மா, அப்பா, தம்பி பெண்டாட்டி எல்லாரும் உறுப்பினர்கள். மக்கள்தொகை 500 வரை இருந்தால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வர வேண்டும். அந்த எண்ணிக்கை சேராமல், சாயங்காலம் நோட்டை வீடு வீடாக அனுப்பிக் கையெழுத்து வாங்கும் ஊர்களும் உண்டு. கையெழுத்துப் போடும் முன் தீர்மானத்தைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள் என்று அம்மாவுக்கு ஒரு போன் போடுங்கள்.

மூன்றாவது, எப்படிக் கேட்பது. இங்கே ஒரு கதை சொல்ல வேண்டும். ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் இந்த அரங்கிலேயே சண்டை வரும்.

ஊருக்கு என்ன வேலை வேண்டும் என்று முடிவு செய்ய, பள்ளிக்கூட மைதானத்தில் கோலமாவால் ஊரின் வரைபடம் போடுகிறார்கள். ஆண்கள் முந்திக்கொண்டு கோயில், தார்ரோடு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வரைந்தாயிற்று. ஏரியைப் பெரிய வட்டமாகப் போட்டு உள்ளே நீலப் பொடியும் தூவியாயிற்று. "தூர் வாரணும்" என்று எல்லாரும் ஒரே குரல். இரண்டு தடவை வாரிய ஏரிதான் அது, ஆனாலும் தண்ணீர் நிற்கவில்லை. மூன்றாவது தடவை வார மதிப்பீடும் தயார். கடைசியில் ஆட்டுக்கோலை மடியில் வைத்து உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி எழுந்து வந்தார். "ஏரிய வரைஞ்சீங்க. அதுக்கு வாய வரையலையே, எதுல தண்ணி குடிக்கும்?" என்றார். சிரிப்பு. பாட்டி ஒரு பிடி மாவை அள்ளி, மலையடிவாரத்திலிருந்து ஏரிவரை வளைந்து வளைந்து ஒரு கோடு இழுத்தார். தார்ரோடு குறுக்கே வந்தது. அதைக் காலாலேயே அழித்துவிட்டுக் கோட்டைத் தொடர்ந்தார்.

பொறியாளர் விடவில்லை, "வாங்க, நடந்து பார்த்துடலாம்" என்றார். ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் கால்வாயான வரத்துக்கால் ரோட்டைத் தாண்டும் இடத்தில் ஒரு சிமெண்டுக் குழாய். பாட்டி ஆட்டுக்கோலைக் கால்வாயின் அடித்தரையில் ஊன்றிக் காட்டினார். குழாயின் அடிப்பகுதி அவர் முழங்காலுக்கு வந்தது. "தண்ணி ஏறிப் போறதுக்கு ஏணி வச்சிருக்கீங்களா?" என்றார்.

அவ்வளவுதான் விஷயம். ரோடு போட்டவர் குழாயைக் கால்வாய் மட்டத்தில் பதிக்காமல் ஒன்றரை அடி மேலே பதித்துவிட்டார். அந்த ஒன்றரை அடி தேங்கினால்தான் தண்ணீர் மறுபக்கம் போகும். அதற்குள் பக்கத்துக் கடலைக்காடு மூழ்கும், காட்டுக்காரர் கரையை வெட்டி ஓடையில் விட்டுவிடுவார். ஏரியை எத்தனை தடவை வாரினால் என்ன?

இன்னொன்றும் கேளுங்கள். மடையின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டினால் அந்தத் தண்ணீர் தானாக வயலுக்குப் பாயாது. கிணறுகளுக்கு ஊறலாம், மடை வழியே ஒரு சொட்டும் வராது. கரையின் அடியை ஒட்டித் தோண்டினால் கரையே சரியும். ஆனாலும் ஏரிக்குள்ளேதான் தோண்டுகிறார்கள், மண் விலை போவது அங்கேதானே!

ஆகவே என் ஒரே கோரிக்கை வரத்துக்கால். மற்றதெல்லாம் அப்புறம். இந்த பெங்களூரைப் பாருங்கள். ராஜகாலுவே என்கிற பெரிய மழைநீர்க் கால்வாய்கள் மேல் கட்டினதன் பலனை 2022 செப்டம்பர் மழையில் பார்த்தோம், ஐ.டி. கம்பெனிக்காரர்கள் டிராக்டரில் ஏறி வேலைக்குப் போனார்கள். உத்திரமேரூரில் ஆயிரம் ஆண்டுக்கு முன்பே ஏரி வாரியம் என்று 6 பேர் தனியாக இருந்தார்கள். கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினனும் குடவோலையில் பெயரே போட முடியாது என்று கல்லில் வெட்டி வைத்தார்கள்.

தீர்மானத்தில் "ஏரியைச் சீரமைக்க வேண்டும்" என்று எழுதினால் அது காகிதம்தான். இப்படி எழுதுங்கள்: இன்ன புல எண்ணில் (சர்வே நம்பரில்) தொடங்கி இன்ன புல எண்ணில் முடியும் வரத்துக்கால், நீளம் இத்தனை மீட்டர், இன்ன இடத்தில் குழாயை எடுத்துக் கால்வாயின் அடிமட்டத்தில் மாற்றிப் பதிக்க வேண்டும். புல எண்ணை வருவாய்த் துறையின் 'அ' பதிவேட்டிலும் புல வரைபடத்திலும் எடுக்கலாம். புரியவில்லை என்றால் வட்டாட்சியர் ஐயாவைக் கேளுங்கள், அவர் இங்கேதான் இருக்கிறார். ஏரி யாருடையது என்றும் பாருங்கள். ஆயக்கட்டு, அதாவது ஏரித் தண்ணீர் பாயும் நிலம், 100 ஏக்கருக்குக் கீழே என்றால் ஒன்றியத்து ஏரி. அதற்கு மேலே என்றால் நீர்வளத் துறையுடையது, அங்கே ஊராட்சித் தீர்மானம் வெறும் கோரிக்கை மனு. இது தெரியாமல் வருடக்கணக்காகத் தவறான ஆபீசில் மனு கொடுத்து நிற்பவர்கள் எத்தனையோ பேர்.

கோரிக்கை நாற்பது இருக்கும், பணம் நாலுக்குத்தான் இருக்கும். ஆளுக்கு ஐந்து புளியங்கொட்டை கொடுத்து, எந்த வேலை முக்கியமோ அதன் மேல் வைக்கச் சொல்லுங்கள். பெண்களுக்குத் தனியாக ஒரு சுற்று வையுங்கள், சேர்ந்து வைத்தால் கொட்டை எல்லாம் ரோட்டின் மேல்தான் விழும்.

நான்காவது பணம். தலைவர் மணியைப் பார்க்கிறார், சுருக்கமாகச் சொல்கிறேன். 15-ஆவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரைக்குமான ஊராட்சி மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீர், மழைநீர் சேகரிப்பு, சுகாதாரம் ஆகியவற்றுக்குக் கட்டிவைத்தது. மீதி 40-ஐ ஊரின் விருப்பத்துக்கு விட்டது. நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் பங்கு மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒன்று, ஆதிதிராவிடர், பழங்குடியினர் பகுதி என்றால் ஐந்தில் ஒன்று. பெங்களூரில் சம்பாதிப்பவர்கள் கை வைக்க வேண்டிய இடம் இது. கோபுரத்துக்குப் பெயிண்ட் அடிக்க வசூலித்தது போதும். பணத்தை யார் கையிலும் கொடுக்காமல் அரசுக் கணக்கில் கட்டி ரசீது வாங்குங்கள். ஐந்தாவது செய்தியான கணக்குத் தணிக்கையை அடுத்த கூட்டத்தில் பேசுவோம். காபி ஆறுகிறது என்று சமையல்காரரும் எட்டிப் பார்க்கிறார்.

வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். ஊராட்சி, ஒன்றியம், ஏரியின் பெயர், ஊரில் ஓட்டு உள்ள உறவினர் யார் என்று எழுதுங்கள். புல எண் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. தண்ணீர் எந்த மலையிலிருந்து வருகிறது என்று மட்டும் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு எழுதுங்கள். உழுகிற நாள் அக்டோபர் 2, பஸ் டிக்கெட்டை இப்போதே போட்டுவிடுங்கள்.