பழைய மேல்கீழ்க் குழல் துவக்கு: கண்ணுக்குத் தெரியாத இடங்களில்தான் பார்க்க வேண்டும்

[காட்சி: மேசையில் விரித்த பழைய சாரம். அதன்மேல் மூன்று துண்டுகளாகக் கழற்றிய துவக்கு: முன்கட்டை, இரண்டு குழல், சோங்கோடு சேர்ந்த பூட்டுப்பெட்டி.]

படுவான்கரைப் பக்கம் வயல்காவலில் நாம் அதிகம் கண்டு பழகியது ஒற்றைக்குழல் துவக்கு, இல்லையென்றால் இரண்டு குழலும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கிற துவக்கு. ஒரு குழலின் மேல் இன்னொரு குழல் இருக்கிற சாதி குறைவு. அப்படி ஒன்று பழைய போடியார் வீட்டு அலுமாரியிலிருந்து விலைக்கு வெளியே வந்தால், பளபளப்பைப் பார்த்து முடிவெடுத்துவிடாதீர்கள். வாவிக்கும் கடலுக்கும் நடுவில் முப்பது, நாற்பது மாரி கண்ட இரும்பு அது. கெட்டிருந்தால், வெளியில் தெரியாத இடத்தில்தான் கெட்டிருக்கும்.

முதலில் பத்திரம். 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்க சுடுபடைக்கலன்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் ஆளுக்குரியது. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். தகப்பன் பெயரில் இருந்தது தானாக மகனுக்கு வராது. பத்திரத்தில் உள்ள தொடர் இலக்கத்தைக் குழலிலும் பெட்டியிலும் அடித்திருக்கும் இலக்கத்தோடு ஒப்பிடுங்கள். எங்காவது இலக்கம் அரைத்து அழித்திருந்தால் அதோடு எழும்பி வந்துவிடுங்கள். மேற்கொண்டு பார்க்க ஒன்றுமில்லை.

[காட்சி: லீவரைத் தள்ளித் திறக்கும் கை. இரண்டு அறைக்குள்ளும் சுண்டுவிரல்.]

திறந்து இரண்டு அறையையும் கண்ணால் பாருங்கள், பிறகு விரலை விட்டுப் பாருங்கள். இருட்டில் கண் ஏமாறும், விரல் ஏமாறாது. தேவையான சாமான்கள் கொஞ்சம்தான்: சிறிய டோர்ச், மோட்டார் சைக்கிள் கராச்சில் டெப்பட் வைக்கப் பாவிக்கிற பீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), வேர்னியர் அளவி, மருந்து இல்லாத 12 போர் போலித் தோட்டா இரண்டு. வெடித்த வெற்றுக் கோதைப் போலித் தோட்டாவாகப் பாவிக்க வேண்டாம். நல்ல தோட்டாவோடு மாறிப்போகும். அதன் கேப்பும் (ஊசி அடித்து வெடிக்கும் அடிமூடி) ஏற்கெனவே குழிந்திருப்பதால் அடிக்கிற ஊசிக்குத் தாங்கல் கிடைக்காது.

[காட்சி: முன்கட்டை கழற்றப்படுகிறது. குழலின் அடிப்பக்கம் அண்மையில்.]

முன்கட்டையைக் கழற்றியதும் அதன் உள்பக்கத்தையும், அது மறைத்திருந்த குழலின் அடியையும் பாருங்கள். எண்ணெய்த் துணி போகாத இடம் இது. செம்மண் நிறத்தில் தூளாக வருவது புதுக் கறள், துடைத்தால் போகும். கறுத்த சிறு குழிகளாக இருந்தால் அது பழைய கறள், இரும்பைத் தின்றுவிட்டது. மேல்கீழ்க் குழலில் கறளுக்கு இன்னொரு ஒளிவிடமும் உண்டு. இரண்டு குழலையும் இணைக்கும் பக்கப்பட்டிகள் ஈயப் பற்றால் ஒட்டியவை. வாய்ப்பக்கத்தில் அந்த ஒட்டு மயிரளவு விட்டிருந்தாலும் மழைத்தண்ணீர் உள்ளே போகும். போன தண்ணீர் வெளியே வராது.

குழலை மட்டும், அதன் அடியில் பெட்டியோடு மாட்டும் கொளுவியில் விரல் கொடுத்துத் தொங்கவிட்டு, மரக்குச்சியால் மெல்லத் தட்டுங்கள். தட்டுமுன் தோட்டாத் தள்ளிகள் கிலுகிலுக்காமல் பிடித்துக்கொள்ளுங்கள். மணிபோல இழுத்து ஒலித்தால் ஒட்டு நல்லது. உடைந்த சட்டியில் தட்டியதுபோல் மொட்டையாகவோ அதிர்ந்தோ கேட்டால் பட்டி எங்கோ விட்டிருக்கிறது. சில மாதிரிகளில் குழல்கள் இடைவெளியோடு, பக்கப்பட்டியே இல்லாமல் வரும். அவற்றுக்கு இந்தச் சோதனை சரிவராது.

இங்கே ஒரு எச்சரிக்கை. பழைய துவக்கு புதிதுபோல மினுமினுத்த கறுப்பில் வந்தால் சந்தேகப்படுங்கள். யாரோ கொதிக்கும் காரக்கரைசலில் போட்டு நிறமேற்றியிருக்கலாம். உருக்குத்துண்டு ஒன்றுக்கு அது பிழையில்லை. ஈயப்பற்று வைத்த இரட்டைக்குழலுக்கு அது விஷம்: பற்றை அரிக்கும், பட்டிக்குள் புகுந்த உப்பு உள்ளேயே தங்கிக் கறளாக்கும். இரட்டைக்குழலுக்கு உரியது மெதுவாகக் கறள் ஏற்றித் துலக்கும் பழைய முறைதான். தேய்ந்து சாம்பல் பூத்த பழைய நிறமே நம்பத் தகுந்தது.

[காட்சி: குழலின் ஊடாக வெளிச்சம். வட்ட நிழல் ஒன்று.]

இனி உள்ளே. சுவரில் படும் வெளிச்சத்தை நோக்கிக் குழலைப் பிடித்து, இரண்டு முனையிலிருந்தும் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் நிழல் விழுந்தால் நசுக்கல். மோதிரம்போல் முழுவட்டமாக நிழல் விழுந்தால் வீக்கம். குழலுக்குள் அடைப்பு இருந்து வெடித்தால் வீக்கம் வரும். வரப்பில் குத்திய சேறு, பரணில் சாத்தி வைத்தபோது குளவி கட்டிய கூடு, உள்ளே மறந்த துடைப்புத்துணி, எதுவும் போதும். மேல்கீழ்க் குழலில் இரண்டு குழலும் சேரும் பக்கத்தில் வீங்கினால் வெளியே தெரியாது, உள்ளேதான் தெரியும். வீங்கிய குழலைச் சுடக்கூடாது.

அறைக்கு முன்னால் ஒரு சாண் தூரம் குழிகள் அதிகம் இருக்கும். பழைய தோட்டாக்களின் கேப் மருந்து வெடித்தால் உப்பு மிஞ்சும். நம் கறியுப்புப்போல அதுவும் காற்றிலிருந்து ஈரம் இழுக்கும். சுட்ட அன்றே துடைக்காமல் விட்ட ஒவ்வொரு இரவும் அங்கே எழுதியிருக்கும். மேலோட்டமான புள்ளிகளோடு வாழலாம். ஆழமான குழியை யாராவது கடைந்து மினுக்கியிருந்தால்தான் வில்லங்கம்: குழி போனது, சுவரும் மெலிந்தது. சுவரின் மெல்லிய இடம் அரை மில்லிமீட்டருக்குக் கீழே போகக்கூடாது என்பது வழக்கமான எல்லை. அதை அளக்கத் தனிக் கருவி வேண்டும்; வேர்னியர் வாயில் மட்டும்தான் எட்டும்.

[காட்சி: குழலின் அடித்தட்டில் பொறித்த முத்திரைகள். பென்சில் நுனி சுட்டுகிறது.]

முத்திரைகளில் முதலில் தேட வேண்டியது தோட்டா கிடக்கும் அறையின் நீளம், மில்லிமீட்டரில்: 65, 70 அல்லது 76. பழைய ஐரோப்பியத் துவக்குகள் பல 65. இங்கேதான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். தோட்டாவில் எழுதியிருக்கும் 70 என்பது வெடித்து வாய் விரிந்த பிறகுள்ள நீளம். வெடிக்குமுன் வாய் மடிந்திருப்பதால் அது 65 அறைக்குள் வழுக்கிக்கொண்டு போகும், துவக்கும் ஒழுங்காக மூடும். வெடிக்கும்போது விரிய இடமில்லாமல் கோதின் வாய் குழலின் கழுத்துக்குள் நுழைந்து வழியை நெருக்கும். அழுத்தம் ஏறும். மூடுகிறதே என்பதற்காகச் சுடலாம் என்று அர்த்தமில்லை.

இத்தாலியத் துவக்கில் வயதையும் வாசிக்கலாம். 1964 க்கு ரோம இலக்கத்தில் இருபது, 1974 க்கு முப்பது, 1975 முதல் இரண்டு எழுத்துக் குறி. வாயின் இறுக்கத்தை (சோக், அதாவது வாய்ப்பக்கம் குழல் ஒடுங்கும் அளவு) நட்சத்திரங்கள் சொல்லும்: ஒன்று முழு இறுக்கம், நான்கு கால் இறுக்கம். முழு இறுக்கம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர், அரை இறுக்கம் அரை மில்லிமீட்டர். வேர்னியரால் அளந்து பாருங்கள். முத்திரை முழு என்று சொல்லி, அளவு அதற்குக் கிட்டவும் வராவிட்டால் வாயை வெட்டியிருக்கிறார்கள் அல்லது கடைந்திருக்கிறார்கள்.

[காட்சி: முன்கட்டை இல்லாமல் மூடிய துவக்கு. பக்கவாட்டில் அசைக்கப்படுகிறது.]

அடுத்தது பிணைச்சல். முன்கட்டை மாட்டியிருந்தால் அது குழலைப் பின்னால் நெருக்கி ஆட்டத்தை மறைக்கும். ஆகவே அது இல்லாமலே மூடி, குழலை இடம் வலமாக அசையுங்கள். கையில் ‘டக்’ என்று உணர்ந்தால் தேய்வு. குழலுக்கும் பின்சுவருக்கும் நடுவில் வெளிச்சம் தெரிகிறதா பாருங்கள். பீலர் கேஜின் மெல்லிய தகடு நுழையக்கூடாது. மேல் லீவர் நடுக்கோட்டுக்கு வலப்பக்கம் நின்றால் இன்னும் தேய இடமுண்டு. நடுவில் நின்றால் பாதி வயது. இடப்பக்கம் போயிருந்தால் பூட்டு தேய்ந்து முடிந்தது.

தேய்வு வந்தால் எல்லாத் துவக்கும் ஒன்றல்ல. ப்ரௌனிங் சூப்பர்போஸ்ட் என்ற மேல்கீழ்க் குழல் துவக்கு, பெட்டியின் முழு அகலத்துக்கும் ஓடும் பிணைச்சல் ஊசியில் திரும்பும். பெரெட்டாவில் இரு பக்கமும் சிறு குமிழ்கள். அவற்றைப் பெரிய அளவுக் குமிழ்களால் மாற்றலாம். அது சுத்தமான வேலை. கொளுவியில் சுத்தியல் தழும்போ, ஒட்டிய தகடோ கண்டால் அது திருத்தமில்லை, விற்பதற்காகச் செய்த மூடி மறைப்பு. சில தோட்டாவோடு ஆட்டம் திரும்பி வரும்.

சூப்பர்போஸ்ட் அமெரிக்கத் துவக்கு வடிவமைப்பாளர் ஜோன் ப்ரௌனிங்கின் கடைசி வடிவமைப்பு. 1926 இல் பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் அவர் இறந்த பிறகு, மகன் வால் வேலையை முடித்து 1931 இல் சந்தைக்கு வந்தது. அருமையான துவக்கு. ஆனால் 1960களின் பிற்பகுதி முதல் 1970களின் தொடக்கம் வரை வந்த ப்ரௌனிங்குகள் பலவற்றின் மரம், சீக்கிரம் காய வேண்டும் என்று உப்பில் பதமிட்டது. அந்த உப்பு இன்னும் மரத்துக்குள் இருக்கிறது. ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்கிறது. சோங்கின் அடித்தகட்டைக் கழற்றித் திருகாணிகளைப் பாருங்கள். ஆணி கறளேறிச் சுருங்கியிருந்தால் கை வைக்காதீர்கள். வெறும் மரத்தில் ஒரு துளி வெள்ளி நைத்திரேற்றுக் கரைசல் விட்டு, அது வெண்மையாகக் கலங்கினாலும் உப்புத்தான். வெளி மரத்தில் இதைச் செய்ய வேண்டாம். கைவியர்வையும் கடற்காற்றும் நம் ஊரில் எந்த மரத்தையும் உப்பாக்கியிருக்கும்.

[காட்சி: போலித் தோட்டாக்கள் இரண்டும் அறையில். விசை அழுத்தப்படுகிறது.]

ஒற்றை விசைத் துவக்கில் போலித் தோட்டா போட்டு அழுத்தினால் முதல் குதிரை (ஊசியை அடிக்கும் சுத்தி) விழும், இரண்டாவது விழாது. உடனே “பழுது” என்று விலையைக் குறைக்காதீர்கள். பல மாதிரிகளில் முதல் வெடியின் உதைப்புத்தான் விசையை இரண்டாவது குழலுக்கு மாற்றும். சோங்கின் அடியை உள்ளங்கையால் பலமாகத் தட்டிவிட்டு மறுபடி அழுத்துங்கள். அப்போதும் விழாவிட்டால்தான் பழுது. ரஷ்ய இஷ் 27 இல் இரண்டு விசை வைத்தது நிறைய உண்டு. வயலுக்கு நான் அதைத்தான் சொல்வேன்: உதைப்பை நம்ப வேண்டியதில்லை, பழுதாக ஒரு பாகம் குறைவு.

தள்ளிகளைப் பார்க்க ஒரு குழலின் குதிரையை மட்டும் விழுத்தித் திறவுங்கள். அந்தத் தோட்டா மட்டும் வெளியே பாய வேண்டும். மற்றது எழும்பி நிற்க வேண்டும். பிறகு இரண்டையும் விழுத்தித் திறந்தால் இரண்டும் ஒன்றாகப் பாய வேண்டும்.

சோங்கின் கழுத்தை இரு கையாலும் மெல்ல முறுக்கி, பெட்டியோடு சேரும் விளிம்பில் கீறல் திறக்கிறதா பாருங்கள். அங்கே மரம் கறுத்து, நகம் வைத்தால் பதிந்தால், வருடக்கணக்காக வாயை மேலே வைத்துச் சாத்தியிருக்கிறார்கள். எண்ணெய் வழிந்து மரம் ஊறிவிட்டது.

[காட்சி: அலுமாரியில் வாய் கீழாக நிற்கும் துவக்கு.]

அதனால் எண்ணெய் போட்ட துவக்கை வாய் கீழாக வையுங்கள். மாரி மாதங்களில் தோல் உறைக்குள் விடவே வேண்டாம். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். சுட்ட அன்றே குழலைத் துடைத்து, முன்கட்டையைக் கழற்றி அடிப்பக்கத்துக்கும் மெல்லிய எண்ணெய் பூசுங்கள். பாவிக்காவிட்டாலும் ஐப்பசி முதல் தை வரை வாரம் ஒருமுறை இதைச் செய்யுங்கள். தோட்டாக்கள் வேறு பெட்டியில், வேறு பூட்டில், வேறு சாவியில்.