கோழியைக் கையில் எடுத்துப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். கால்நடைத் துறையில் பென்னாகரம், பாலக்கோடு, தேன்கனிக்கோட்டை என்று சுற்றி வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மாட்டுக்கு மடி வீங்கினால் ராத்திரியோடு ராத்திரியாக ஆள் அனுப்புவார்கள். ஆடு செருமினால் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவார்கள். கோழிக்கு என்று ஆஸ்பத்திரி வாசலேறியவர்கள் குறைவு. கோழி லேசாகத் தூங்கி வழிந்தால் போதும், மிளகாய் அரைக்க ஆரம்பித்துவிடுவோம். அதனால்தான் இன்றைக்கு அந்தச் சீக்குக் கோழியைப் பற்றிப் பேசலாம் என்று வந்தேன்.

முதலில் ஒன்று. கோழி தன் நோயை வெளியே காட்டாது. சோர்ந்து நின்றால், உடன் இருக்கிற கோழிகளே கொத்தி விரட்டும் என்று அதற்குத் தெரியும். தீனி போட்டால் ஓடி வரும், குனிந்து கொத்துவது போலவும் இருக்கும், ஆனால் உள்ளே எதுவும் போயிருக்காது. இறகை உப்பிக்கொண்டு, வாலைத் தொங்கவிட்டு, கண்ணை மூடி ஓரமாக நிற்கிறதே என்று நாம் கவனிக்கும்போது நோய் பாதி வழி போயிருக்கும். கண்ணை நம்பாதீர்கள், கையை நம்புங்கள் என்று நான் சொல்வது இதற்குத்தான்.

கையில் எடுக்க நல்ல நேரம் பொழுது சாய்ந்த பிறகு. இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது, துரத்த வேண்டாம், பிடித்தால் அப்படியே வரும். நெஞ்சைத் தடவிப் பாருங்கள். நடுவில் ஓடும் எலும்பின் இரண்டு பக்கமும் சதை இருக்க வேண்டும். எலும்பு அரிவாள் முதுகு மாதிரி துருத்திக்கொண்டிருந்தால் அந்தக் கோழி பல நாளாகவே இளைத்துக்கொண்டு வருகிறது. அடுத்து கழுத்துக்குக் கீழே தீனிப்பை. அடையப் போகும்போது நிறைந்திருக்க வேண்டும், விடியற்காலையில் காலியாக இருக்க வேண்டும். சாயங்காலமே காலியாக இருந்தால் அன்று தின்னவில்லை. காலையிலும் கல்லாக இறுகியிருந்தால் நாரோ நீளப் புல்லோ அடைத்துக்கொண்டிருக்கிறது. கொழகொழவென்று இருந்து, வாயில் புளித்த வாடை வந்தால் உள்ளே நொதிக்கிறது. அப்புறம் கொண்டை. சிவப்பு போய் வெளுத்திருந்தால் ரத்தம் குறைகிறது. குடற்புழு இருக்கலாம், வேறு ஏதோ ரத்தத்தை உறிஞ்சலாம்.

அந்த வேறு ஏதோ பற்றித்தான் ஒரு கதை சொல்ல வேண்டும். பென்னாகரம் பக்கம் ஒரு பாட்டி. ராகிக் கொல்லை ஓரமாக வீடு. பழைய பலகைகளை அடித்துச் செய்த கோழிக்கூடு, மேலே தகரம். அடைக்கு உட்கார்ந்தால் குஞ்சில்லாமல் எழாத பெட்டை ஒன்று வைத்திருந்தார். அது இளைத்துக்கொண்டே போகிறது, வெள்ளைக்கழிச்சல் என்று ஊரில் எல்லாரும் சொல்லிவிட்டார்கள். அறுத்துவிடலாமா என்று கேட்கத்தான் என்னைக் கூப்பிட்டார்.

எத்தனை நாளாக இப்படி என்றேன். "போன அமாவாசையிலிருந்து சாமி" என்றார். அங்கேயே எனக்குச் சந்தேகம். வெள்ளைக்கழிச்சல், அதாவது இராணிக்கெட் நோய், அமாவாசை பௌர்ணமி பார்த்துக் காத்திருக்காது. பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், மூச்சுத் திணறும், கழுத்து முறுக்கிக்கொள்ளும், நாலைந்து நாளில் கூட்டத்தையே வாரிக்கொண்டு போகும். இங்கே ஒரு கோழி மட்டும் மெல்ல மெல்ல வெளுக்கிறது. எச்சத்தைப் பார்த்தேன், பழுப்பில் வெள்ளை நுனி, நல்ல எச்சம். அந்த வெள்ளை கோழியின் சிறுநீர்தான், அதைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் நிறைய.

பாட்டி பேச்சுவாக்கில் இன்னொன்று சொன்னார். "இதுக்குக் கிறுக்கு வேற புடிச்சிருக்கு. பொழுது போனா கூட்டுக்குள்ள போகமாட்டேங்குது, முருங்கை மேல ஏறிக்குது. அடிச்சுத்தான் உள்ள தள்றேன்." நேயர்களே, கோழி கூட்டுக்குள் போக மறுத்தால் கோழியைத் திட்டாதீர்கள், கூட்டைப் பாருங்கள்!

பகலில் கூட்டில் ஒன்றுமில்லை, சுத்தமாகத்தான் இருந்தது. இருட்டும்வரை இருக்கிறேன் என்றேன். "கோழியப் பாக்க வந்தியா, கூட்டப் பாக்க வந்தியா?" என்று பாட்டிக்குச் சிரிப்பு. ராகிக் களி போட்டார், சாப்பிட்டேன். நன்றாக இருட்டிய பிறகு டார்ச்சை அடித்துப் பலகை இடுக்கில் காட்டினேன். இடுக்கு முழுக்க ஊர்கிறது. கடுகில் பாதிகூட இல்லாத செள்ளுப்பூச்சி, பசியோடு இருப்பது சாம்பல் நிறம், குடித்து முடித்தது சிவப்பு. ஒரு வெள்ளைத் துணியால், கோழி உட்காரும் கம்பின் அடிப்பக்கத்தைத் துடைத்துக் காட்டினேன், துணியில் ரத்தக் கோடு. ராத்திரி ஏறிக் குடித்துவிட்டுப் பகலில் இடுக்கில் போய்ப் பதுங்கிக்கொள்ளும். கோழியின் உடம்பில் தேடினால் எங்கே கிடைக்கும்? பாட்டி துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். "அடிச்சு அடிச்சு உள்ள தள்ளினனே சாமி" என்றார்.

கோழிக்கு மருந்து எதுவும் கொடுக்கவில்லை. வைத்தியம் கூட்டுக்கு. கூட்டை வெயிலில் இழுத்துப் போட்டு, இடுக்கெல்லாம் கொதிக்கிற தண்ணீர், உள்ளே விரித்த சாக்கை எரித்து, சுண்ணாம்பைக் குழைத்து இடுக்குகளை அடைத்தோம். ஒரு வாரம் கழித்து மறுபடியும் அதையே செய்யச் சொன்னேன், பூச்சியின் முட்டை பொரித்து அடுத்த கூட்டம் கிளம்பியிருக்கும். கூட்டைக் கொஞ்ச நாள் காலியாகப் போட்டால் செத்துவிடும் என்று நினைக்க வேண்டாம், பல மாதம் பட்டினி கிடந்து உயிரோடு இருக்கும் ஜாதி அது. பெட்டையின் கொண்டை மெல்லச் சிவந்தது.

சரி, கதை நீண்டுவிட்டது. எதனால் வந்த சீக்காக இருந்தாலும் முதலுதவி ஒன்றுதான். தனியாகப் பிரித்து வையுங்கள், மற்றதுக்குத் தொற்றாமல் இருக்கவும், அதைக் கொத்தாமல் இருக்கவும். கூடவே சூடு கொடுங்கள். கோழியின் உடம்புச் சூடு சுமார் 41 டிகிரி செல்சியஸ், நம்மைவிட அதிகம். தின்னாத கோழியால் அந்தச் சூட்டைத் தக்கவைக்க முடியாது. தளி, தேன்கனிக்கோட்டை மார்கழிக் குளிரில் பாதி உயிர் அதிலேயே போகும். பஞ்சாரத்தின் ஒரு பக்கமாக 40 வாட் குண்டு பல்பைத் தொங்கவிடுங்கள், சூடு அதிகமானால் மறுபக்கம் நகர்ந்துகொள்ள இடம் இருக்கட்டும். தருமபுரிச் சித்திரை வெயிலில் வாயைத் திறந்து மூச்சு வாங்கும் கோழிக்கு இதைச் செய்துவிடாதீர்கள், அதற்கு நிழலும் குளிர்ந்த தண்ணீரும்.

அப்புறம் தண்ணீர். காய்ச்சி ஆறிய தண்ணீரில் கொஞ்சம் வெல்லம், ஒரு சிட்டிகை உப்பு. இங்கேதான் கெஞ்சிக் கேட்கிறேன், வாயைப் பிளந்து ஊற்றாதீர்கள். மூச்சுக்குழாயின் வாய் நாக்குக்குப் பின்னால் திறந்தே இருக்கிறது. நோயில் செத்த கோழிகள் ஒரு பக்கம், பாசமாக ஊற்றிய கஷாயம் நெஞ்சில் இறங்கிச் செத்த கோழிகள் ஒரு பக்கம். அலகின் ஓரத்தில் சொட்டு வைத்தால் தானே உறிஞ்சி, தலையைத் தூக்கி விழுங்கும். விழுங்கிய பிறகு அடுத்த சொட்டு. மறுபடியும் சொல்கிறேன், ஊற்ற வேண்டாம், சொட்டு வையுங்கள். சீரகம், பூண்டு, கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கிற பழக்கம் இருந்தால் அதையும் சுண்டைக்காய் அளவு உருட்டிக் கொடுங்கள். தண்ணீர் இறங்கி, எச்சம் வந்த பிறகுதான் தீனி. ராகிக் கூழ், குழைந்த சோறு, வேகவைத்த முட்டையின் மஞ்சள் கரு. கோழிக்கே முட்டையா என்று முகம் சுளிப்பார்கள், அது பாட்டுக்குத் தின்னும்.

மெடிக்கல் கடையில் மனுஷனுக்கு விற்கிற கேப்சூலைப் பிரித்துக் கொட்டுவது கூடவே கூடாது. கிருமி எதுவென்று தெரியாமல் கொடுத்தால் பலனும் இல்லை, முட்டையிலும் கறியிலும் மருந்து தங்கும்.

நேரமாகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள். தடுப்பூசிக்கு என்று பாதி நேரம் ஒதுக்கி வைத்திருந்தேன், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வெள்ளைக்கழிச்சல் வந்த பிறகு மருந்து இல்லை, வருமுன் தடுப்பதுதான். குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு, எட்டாவது வாரம் இறக்கையில் ஊசி. நல்ல கோழிக்கு மட்டும்தான் போட வேண்டும், சோர்ந்த கோழிக்குப் போடக்கூடாது. குப்பி ஒன்று பெரும்பாலும் நூறு கோழிக்கு, கலக்கினால் சீக்கிரம் தீர்த்துவிட வேண்டும், அதனால் தெருவாகச் சேர்ந்து போங்கள். அரசு கால்நடை மருந்தகத்தில் என்றைக்குப் போடுகிறார்கள் என்று முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வாங்கிய கோழியை நேராகக் கூட்டத்தில் விடாதீர்கள், இரண்டு வாரம் தனியாக வையுங்கள். திடீரென்று பல கோழி செத்தால் அறுக்க வேண்டாம், இறகைச் சாக்கடையில் கொட்ட வேண்டாம், உடனே மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். குடற்புழு மருந்து பற்றிச் சொல்ல நேரமில்லை, அதையும் மருந்தகத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். வணக்கம்.